இப்படியும் ஒரு ஹீரோவா? விசித்திர காமிக்ஸ் நாயகர்களை ரசிக்கப் பழகும் வழி

அணில் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு சண்டைக்குப் போகும் பெண். கல்லாக மாறத் தெரிந்த, ஆனால் கல்லான பிறகு அசைய முடியாத பையன். செத்துப்போன பிறகு தன் கொலையைத் தானே துப்பறியும் சர்க்கஸ்காரர். ராத்திரியோடு ராத்திரியாக ஊர்விட்டு ஊர் போகும் ஒரு தெரு. காமிக்ஸ் உலகத்தில் இவர்கள் எல்லாருமே நாயகர்கள். சூப்பர்மேன், பேட்மேன் என்று படித்துப் பழகியவர்கள் இவர்களில் ஒருவரை முதன்முறை பார்க்கும்போது ஒன்று சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவார்கள், இல்லையென்றால் மண்டை காய்ந்துபோய் மூடுவார்கள். இரண்டும் அவசரப்பட்டு எடுக்கும் முடிவுதான். இந்த நாயகர்களைப் படிக்க ஒரு கைப்பழக்கம் வேண்டும். சேலத்திலோ ஏற்காட்டிலோ இருந்துகொண்டு, கிடைக்கிற புத்தகங்களை வைத்தே, இரண்டு மூன்று மாதத்தில் அதைப் பிடித்துவிடலாம்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில், நல்ல வெளிச்சம், வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம். புத்தகங்களை மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். எந்த நாயகராக இருந்தாலும் முதலில் மூன்று கதை. முதல் கதையில் உருவம் பழகும், இரண்டாவதில் அவர் பேசும் தொனி பழகும், மூன்றாவதில்தான் பிடிக்கிறதா இல்லையா என்பது தெரியும். ஒரே கதையோடு தீர்ப்புச் சொல்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

கண் ஏற்கெனவே பழகியிருக்கிறது

சேலம் வட்டாரத்தில் முனியப்பன் கோயிலைப் பார்க்காமல் வளர்ந்தவர் அரிது. உருட்டி விழித்த கண், முறுக்கிய மீசை, ஓங்கிய அரிவாள், வெட்டவெளியில் ஆளைவிடப் பல மடங்கு உயரத்தில் உட்கார்ந்த கோலம். அந்தக் கண் ஏன் அவ்வளவு பெரிது என்று யாரும் கேட்பதில்லை. ஊரைக் காவல் காக்கிறவருக்குக் கண் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று பார்த்தவுடனேயே மனசுக்குப் பட்டுவிடுகிறது. உருவம்தான் அங்கே வேலையைச் சொல்கிறது. விசித்திர நாயகர்களின் படங்களையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். இந்த உறுப்பு ஏன் இப்படி வரையப்பட்டிருக்கிறது, இது எந்த வேலையைச் சொல்கிறது என்ற கேள்வி போதும்.

குகை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கை இன்னொரு நல்ல பயிற்சி. தெய்வ வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டியில் ஒரு புராணக் காட்சியாக உறைந்து நிற்பார்கள். வசனம் கிடையாது. யார் யாரைப் பார்க்கிறார், கை எங்கே நீண்டிருக்கிறது, ஆயுதம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்தே கூட்டம் கதையைச் சொல்லிவிடும். வண்டி நகர்ந்ததும் அடுத்த காட்சி. காமிக்ஸின் ஒவ்வொரு கட்டமும் அப்படி ஒரு வண்டிதான். வண்டி வேடிக்கை பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தக் கலையில் பாதி தெரியும்.

முதல் நாயகர் மாயாவி

வெளிநாட்டுப் புதுப் புத்தகங்களில் தொடங்காதீர்கள். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த முதல் இதழின் நாயகரே ஒரு விசித்திரப் பிறவிதான். அவர்தான் இரும்புக்கை மாயாவி. 1962-ல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் தொடங்கிய தொடர் அது. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்த உதவியாளர் லூயிஸ் கிராண்டல். இழந்த கைக்குப் பதில் இரும்புக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் முழுக்க மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் மறையாது. காற்றில் ஒற்றைக் கை மிதந்து வருவதை ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த விதத்துக்காகவே இதை இன்றைக்கும் படிக்கலாம்.

இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை மாயாவி ஆபத்தில் மாட்டுவார். அடுத்த பக்கத்தில் முன்னால் நடந்ததையே யாராவது மறுபடி சொல்வார்கள். படிக்கிறவருக்குச் சலிக்கும், கதாசிரியருக்கு எழுதத் தெரியவில்லை என்று தோன்றும். உண்மையில் அது வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம் என்று வந்த தொடர். வாரக் கடைசியில் படிப்பவரை இழுத்துப்பிடிக்க ஓர் ஆபத்தும், அடுத்த வாரத் தொடக்கத்தில் நினைவூட்ட ஒரு வரியும் அவசியப்பட்டன. தமிழில் எல்லாம் ஒரே இதழாகச் சேர்ந்து வந்ததால் அந்த ஒட்டுப்போட்ட இடங்கள் துருத்திக்கொண்டு தெரிகின்றன. ஒரு கதையை நான்கைந்து உட்காரலாகப் பிரித்து, ஆபத்தான கட்டம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மறுநாள் தொடருங்கள். சலிப்பு போய்விடும்.

இன்னொன்று. தொடக்கக் கதையில் மாயாவி நல்லவர் இல்லை. கிடைத்த சக்தி தலைக்கேறிக் குற்றத்தில் இறங்குகிறார். பிற்பாடுதான் உளவுப் படையில் சேர்ந்து நல்ல வழிக்கு வருகிறார். பின்னால் வந்த கதைகளை மட்டும் படித்தவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள். கிடைத்தால் தொடக்கக் கதையையே முதலில் படியுங்கள்.

மூன்று வரி நோட்டு

ஒவ்வொரு நாயகருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மூன்றே வரி. இவரால் என்ன முடியும்? என்ன முடியாது? முடிவதற்கு என்ன விலை கொடுக்கிறார்?

மாயாவிக்கு எழுதிப் பார்ப்போம். முடியும்: மறைய முடியும். முடியாது: கையை மறைக்க முடியாது, மின்சாரம் இல்லாமல் மறைய முடியாது, மறைந்தபடியே நிரந்தரமாக இருக்கவும் முடியாது. விலை: ஒவ்வொரு முறையும் ஷாக் அடிக்க வேண்டும். எழுதி முடித்ததும் ஒன்று புலப்படும். கதையின் பரபரப்பு முழுக்க இரண்டாம் வரியிலும் மூன்றாம் வரியிலும்தான் இருக்கிறது. பக்கத்தில் மின்கம்பி இருக்கிறதா, எதிரி கண்ணில் அந்தக் கை படுமா என்பதற்காகத்தான் பக்கத்தைப் புரட்டுகிறோம். முதல் வரி வெறும் விளம்பரம்.

விசித்திர நாயகர்களுக்கும் வழக்கமான நாயகர்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். வழக்கமான நாயகரிடம் முதல் வரி நீளம். விசித்திரமானவரிடம் மற்ற இரண்டும் நீளம். ‘எவ்வளவு பலசாலி?’ என்ற கேள்வியோடு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ‘இதை வைத்துக்கொண்டு இவர் எப்படிப் பிழைக்கிறார்?’ என்ற கேள்வியோடு போங்கள்.

நோட்டில் மூன்றாம் வரி காலியாகவே இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். கதை உண்மையிலேயே மேலோட்டமானதாக இருக்கலாம். அல்லது விலை வசனத்தில் வராமல் படத்தில் இருக்கலாம். அவர் தனியாக நிற்கும் கட்டங்களை மட்டும் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும்.

தட்டுவடை செட்டைப் பிரித்துச் சாப்பிடக் கூடாது

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. ஒரு தட்டுவடை, மேலே சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், நறுக்கிய வெங்காயம், அதன்மேல் இன்னொரு தட்டுவடை. வெளியூர்க்காரர் முதல்முறை வாங்கினால் மேல் வடையைத் தனியாக எடுத்துக் கடிப்பார், பிறகு காயைச் சாப்பிடுவார், ‘இதில் என்ன இருக்கிறது?’ என்பார். ஒரே வாயாகப் போட்டுக் கடித்தால்தான் மொறுமொறுப்பும் காரமும் பச்சைக் காயின் ஈரமும் ஒன்றுசேரும். ஆறப் போட்டாலும் வடை நமத்துவிடும்.

விசித்திர நாயகரைப் பிரிப்பதும் இப்படித்தான். ‘மறைந்தவர் கண்ணுக்கு எப்படி வெளிச்சம் தெரியும்?’, ‘அணிலால் கம்பியைக் கடிக்க முடியுமா?’ என்று முதல் வாசிப்பில் பிய்த்தால் காய்ந்த வடையும் பச்சைக் காயும்தான் மிஞ்சும். கதை கேட்கும் அந்த ஒரு பொய்யை முழுசாக விழுங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு கதை தன் விதியைத் தானே மீறினால் அப்போது கேளுங்கள். அது நியாயமான கேள்வி. மாயாவியின் கையும் சேர்ந்து மறைந்தால் அது பிழை. மாயாவி மறைவது பிழை இல்லை.

முதலில் படம், அப்புறம் எழுத்து

ஒவ்வொரு கதையையும் இரண்டு முறை புரட்டுங்கள். முதல் முறை எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும். ஒரு பக்கத்துக்கு இருபது விநாடி போதும். இரண்டாம் முறை வசனத்தோடு. வசனத்தை மட்டும் கண்ணால் மேய்ந்துகொண்டு போகிறவர்களுக்கு இந்த வகைக் காமிக்ஸ் பிடிபடவே பிடிபடாது, ஏனென்றால் விசித்திரம் முழுக்கப் படத்தில்தான் இருக்கிறது.

இதற்கு மிகச் சிறந்த பாடப்புத்தகம் பிளாஸ்டிக் மேன். 1941-ல் ஜாக் கோல் உருவாக்கியவர். ஈல் ஓ பிரையன் என்ற திருடன் ஒரு ரசாயன ஆலையில் கொள்ளையடிக்கப் போன இடத்தில் சுடப்பட்டு அமிலத்தில் நனைகிறான். கூட்டாளிகள் கைவிட்டு ஓடிவிடுகிறார்கள். உடம்பு ரப்பராகிவிடுகிறது. மனமும் திரும்பிவிடுகிறது. நாற்காலியாக, திரைச்சீலையாக, விளக்காக எதுவாக வேண்டுமானாலும் மாறுவார், ஆனால் உடையின் சிவப்பும் மஞ்சள் பட்டையும் மாறாது. வில்லன்கள் உட்கார்ந்து திட்டம் போடும் அறையில் ஒரு பொருள் மட்டும் சிவப்பாக இருக்கும். வசனம் அதைப் பற்றி மூச்சுவிடாது. கண்டுபிடிப்பது நம் வேலை. கட்டத்தின் நான்கு மூலையையும் பார்க்கும் பழக்கம் பத்துப் பக்கத்தில் வந்துவிடும்.

இதற்கு நேர் எதிர்த் துருவம் மைக் மிக்னோலாவின் ஹெல்பாய். 1994-ல் வெளிவந்த முதல் நீள்கதையிலேயே பாதிப் பக்கம் கறுப்பு மை. ரம்பத்தால் அறுத்த கொம்பும் கல்லான வலது கையும் கொண்ட ஒரு நரகக் குழந்தை, வளர்ந்து பேய்களைப் பிடிக்கும் அரசாங்க வேலை பார்க்கிறது. முகபாவம் பல கட்டங்களில் நிழலில் போய்விடும். ஏற்காட்டில் மார்கழிக் காலையில் ஏரிக்கரையில் நின்றவர்களுக்கு இது புரியும். பனியில் எதிர்க்கரை மரம் அரைகுறையாகத் தெரியும்போதுதான் அதை உற்றுப் பார்ப்போம். மிக்னோலா மறைத்திருக்கும் இடத்தை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். ஒரு மூச்சு நின்று, பிறகு போங்கள்.

பக்கத்தைப் புரட்டும் இடத்தையும் கவனிக்கப் பழகுங்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது திரும்பிய பிறகுதான் தெரியும். நல்ல ஓவியர் அதிர்ச்சியான படத்தைப் பெரும்பாலும் புரட்டிய பிறகு வரும் இடப்பக்கத்தில் வைப்பார். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டம் ஹார்ன் அடிக்கும் இடம். போனில் கட்டம் கட்டமாகப் பெரிதுபடுத்திப் படித்தால் இந்த வளைவுகள் எல்லாம் நேர்ச்சாலை ஆகிவிடும். முதல் மூன்று மாதம் அச்சுப் புத்தகத்திலேயே படியுங்கள். வழியே இல்லையென்றால் பெரிய திரையில், முழுப்பக்கமாக.

எந்த வரிசையில் போவது

மாயாவிக்கு அடுத்து அவருடைய ஊர்க்காரர்களே இருவர். ‘கூர்மண்டையன்’ ஸ்பைடர் 1965-ல் பிரிட்டனின் லயன் வார இதழில் வந்தவர். ரெக் பன்னின் ஓவியம். குற்ற உலகின் சக்கரவர்த்தியாக வேண்டும் என்பதே அவருடைய முதல் லட்சியம். கர்வமும் தற்பெருமையும் பிடித்த ஆள், பிற்பாடு நல்லவர்கள் பக்கம் வந்தும் அந்தக் கர்வம் மட்டும் போகவில்லை. இவருடைய பெரும்பாலான கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். உலகத்தின் மிக நல்ல நாயகரைப் படைத்த அதே கை இப்படி ஒரு அகங்காரியையும் எழுதியது என்று தெரிந்துகொண்டு படித்தால் ருசியே வேறு. ‘சட்டித்தலையன்’ ஆர்ச்சி 1952-லிருந்து வரும் இயந்திர மனிதன். குழந்தைகளோடு சேர்ந்து படிக்க ஏற்றவன்.

பிறகு தோற்றுப்போனவர்கள். 1963-ல் வந்த ‘மாற்று நாயகர் படை’ ஒரு நல்ல வாசல். எதிர்காலத்தில் இளம் வீரர்களின் பெரிய படை ஒன்று ஆள் எடுக்கிறது. அதில் நிராகரிக்கப்பட்ட ஐந்து பேர் சேர்ந்து, யாருக்கும் சொல்லாமல், தங்களால் ஆன உதவியைச் செய்கிறார்கள். ஒருத்திக்கு இருட்டில் மட்டும்தான் பலம். கல்லாகி அசைய முடியாமல் நிற்கும் பையனும் இந்தக் கூட்டம்தான். நோட்டில் இரண்டாம் வரி நிரம்பி வழியும். நேர்முகத் தேர்வில் கழித்துக்கட்டப்பட்ட யாருக்கும் இது சும்மா சிரிப்புக் கதை இல்லை.

இதே வரிசையில் அணில் பெண், டோரீன் கிரீன். ஸ்டீவ் டிட்கோவின் ஓவியத்தில் 1991-ல் அறிமுகம். முதல் கதையிலேயே மார்வெல் உலகத்தின் மகா வில்லன் டாக்டர் டூமை அணில்களை வைத்து மடக்குகிறாள். கேலிக்காக எழுதியது என்று பலர் நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். சேதுவுக்கு மணல் சுமந்த அணிலைக் கேட்டு வளர்ந்த நாம் அப்படிக் கடக்க வேண்டியதில்லை. 2015-ல் ரையன் நார்த் எழுதி எரிக்கா ஹெண்டர்சன் வரைந்த தொடரில் அவள் பல வில்லன்களைப் பேசியே மனம் மாற்றுகிறாள். பத்து வயதுக்கு மேல் யாருக்கும் கொடுக்கலாம். ஆங்கிலமும் எளிது.

அடுத்த படி கொஞ்சம் செங்குத்து. டெட்மேன், 1967. சர்க்கஸ் ஊஞ்சலில் ஆடும்போது சுடப்பட்டு இறந்த பாஸ்டன் பிராண்ட், உயிரோடிருப்பவர்களின் உடம்புக்குள் புகுந்து தன்னைக் கொன்றவனைத் தேடுகிறார். கூடுவிட்டுக் கூடு பாய்தல் நமக்குப் பாட்டி சொன்ன கதை, ஆகவே விதியைப் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. கவனிக்க வேண்டியது விலை. அவர் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார், அவர் குரல் யாருக்கும் கேட்காது. நீல் ஆடம்ஸ் வரைந்த பக்கங்களில் கூட்டத்துக்கு நடுவே அவர் மட்டும் தனியாக மிதந்துகொண்டிருப்பார்.

இங்கே டூம் பேட்ரோல் என்ற குழுவிடம் சற்று அதிக நேரம் தங்க வேண்டும், ஏனென்றால் விசித்திர நாயகர்கள் என்ற வகைக்கே இவர்கள்தான் நடுத்தூண். 1963 ஜூன் மாத இதழில் அறிமுகம். எழுதியவர்கள் ஆர்னால்ட் டிரேக், பாப் ஹேனி. ஓவியம் புரூனோ பிரெமியானி. கிளிஃப் ஸ்டீல் கார் பந்தய வீரர், விபத்தில் உடம்பு போய் மூளை மட்டும் இயந்திரத்துக்குள் வைக்கப்பட்டது. ரீட்டா ஃபார் நடிகை, உடம்பு பெரிதாகும், சிறிதாகும். லாரி டிரெய்னர் விமானி, உடம்பு முழுக்கக் கட்டு. அவருக்குள்ளிருந்து ஒரு கருநிழல் சக்தி வெளியே பறந்து போகும், ஆனால் 60 விநாடிக்குள் திரும்பாவிட்டால் அவர் உயிர் போய்விடும். லாரியின் பக்கத்தை நோட்டில் எழுதிப் பாருங்கள். சக்தி வெளியே போனதும் அவர் தரையில் சுருண்டு கிடக்கிறார். வேலை செய்யும் நேரமெல்லாம் அவர் சாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் நேரம். கதை படிக்கும்போது கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து 60 விநாடி எண்ணிப் பாருங்கள். அந்தப் பயம் உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

1968-ல் அந்தத் தொடர் நின்றபோது கதையையும் அங்கேயே முடித்தார்கள். கோட்ஸ்வில் என்ற சின்ன மீனவ ஊர், மொத்தம் 14 பேர். நீங்கள் சாகிறீர்களா, அந்த 14 பேர் சாகட்டுமா என்று வில்லன் கேட்கிறான். இந்த மூவரும் அவர்கள் தலைவருமாக நால்வரும் தங்களையே கொடுக்கிறார்கள். உலகத்தைக் காப்பாற்றும் ஆர்ப்பாட்டம் இல்லை. பெயர் தெரியாத 14 பேர். ஊரே ஒதுக்கிவைத்த உருவங்கள் அந்த ஊருக்காகச் செய்தது இது. விசித்திர நாயகர்களை ஏன் படிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்த ஓர் இதழை எடுத்து நீட்டினால் போதும்.

அவர்களை 1989-ல் கிராண்ட் மாரிசன் மறுபடி எடுத்து, 19-ஆம் இதழ் முதல் 63 வரை எழுதினார். கடைப் பலகைகளின் எழுத்தால் பேசும், தானே இடம்பெயரும் டேனி என்ற தெரு அங்கேதான் வருகிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தெரு வெள்ளிக் கொலுசுக் கடைகளோடு நாளைக்கு வேறொரு ஊரின் இரு தெருக்களுக்கு நடுவே போய் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியை நேராக எடுக்காதீர்கள். 1963-ஆம் ஆண்டுக் கதைகளில் மூன்றையாவது படித்துவிட்டு வாருங்கள். கிளிஃப் தன் இயந்திர உடம்பைப் பற்றிப் புலம்புவது அப்போதுதான் நெஞ்சில் தைக்கும். ஆங்கிலச் சொல்விளையாட்டும் அதிகம், முதல் வாசிப்பில் நாற்பது சதவீதம் புரிந்தால் போதும் என்று விட்டுவிடுங்கள்.

ஸ்வாம்ப் திங், அதாவது சதுப்பு நிலத்தின் செடி மனிதன், 1971-ல் வந்தவர். பெரியவர்களுக்கான கதை. ஆலன் மூர் எழுதியது 20 முதல் 64 வரை. 1984-ல் வந்த 21-ஆம் இதழில் இந்த நாயகரின் அஸ்திவாரமே புரட்டப்படுகிறது. அது என்ன என்று இணையத்தில் தேடாதீர்கள், தெரிந்த நண்பரையும் வாயைத் திறக்க விடாதீர்கள். அந்த ஒரு திருப்பத்தைத் தானாகச் சந்திக்கும் சுகம் ஒருமுறைதான் கிடைக்கும்.

கடைசிப் படி அனிமல் மேன், மாரிசன் எழுதிய 1 முதல் 26 வரை, ஓர் இதழ்கூட விடாமல், வரிசையாக. அருகில் இருக்கும் விலங்கின் திறமையைக் கடன் வாங்கும் ஒரு குடும்பஸ்தர், மனைவி, இரண்டு பிள்ளைகள். போகப் போகத் தன் வாழ்க்கையை யாரோ எழுதுகிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிடுகிறது. இதைக் குழப்பம் என்பவர்கள் சேலம், தருமபுரிப் பக்கம் தெருக்கூத்து பார்க்காதவர்களாகத்தான் இருப்பார்கள். கட்டியங்காரன் ராஜாவிடம் பேசிக்கொண்டே நம் பக்கம் திரும்பி நம்மிடமும் பேசுகிறார். அதனால் துரியோதனனின் சோகம் குறைந்துவிடுவதில்லை.

இத்தாலிக்காரர்களுக்கும் ஒரு மூலை வையுங்கள். தமிழில் வந்திருக்கும் டைலன் டாக், மர்ம மனிதன் மார்ட்டின் இருவரும் துப்பறிவாளர்கள்தான், ஆனால் டைலனின் வாடிக்கையாளர்கள் பேய்க்குப் பயந்தவர்கள், மார்ட்டினின் உதவியாளர் ஜாவா ஒரு ஆதி மனிதர். இத்தாலி இல்லை, பிரெஞ்சிலிருந்து வந்த ஒற்றைக் கைத் துப்பாக்கி வீரர் பவுன்சரும் தமிழில் உண்டு. அது முழுக்க வயதுவந்தவர்களுக்கு. ரத்தமும் வக்கிரமும் அதிகம், வீட்டில் பிள்ளைகள் எடுக்கும் அலமாரியில் வைக்காதீர்கள்.

எங்கே தடுமாறுவார்கள்

மூன்று வகை விசித்திரத்தை ஒன்றாகக் குழப்புவதுதான் பெரிய தடுமாற்றம். ஒன்று, வேண்டுமென்றே செய்தது. டூம் பேட்ரோல், அனிமல் மேன் அந்த வகை. இரண்டு, காலத்தால் விசித்திரமாகத் தெரிவது. ஆர்ச்சியின் இயந்திர உடம்பு 1952-ல் நாளைய உலகம், இன்றைக்குப் பழைய பாத்திரக் கடை. மூன்றாவது, ஒரே ஆள் தன் போக்கில் செய்தது. 1939-க்கும் 1941-க்கும் இடையில் ஃபிளெட்சர் ஹேங்க்ஸ் என்பவர் தானே எழுதி, தானே வரைந்த ஸ்டார்டஸ்ட் இதற்கு உதாரணம். கெட்டவர்களுக்குத் தரும் தண்டனைகள் கெட்ட கனவு மாதிரி இருக்கும். முதல் வகையில் ஒவ்வொரு விவரத்துக்கும் காரணம் தேடலாம். இரண்டாம் வகையில் அன்றைய படிப்பவராக மாறிப் படிக்க வேண்டும். மூன்றாம் வகையில் காரணம் தேடினால் தலைவலிதான். பார்த்து வியந்துவிட்டு நகருங்கள்.

சினிமா நாயகரின் என்ட்ரியை எதிர்பார்ப்பது இன்னொரு தடை. இவர்களில் பலருக்கு என்ட்ரியே கிடையாது, விபத்தில்தான் வருகிறார்கள். படம் வந்துவிட்டதே, படத்தைப் பார்த்தால் போதாதா என்றால், போதாது. பக்கத்தைப் புரட்டும் வேகம் உங்கள் கையில் இருப்பதில்தான் இந்தக் கலையின் பாதி உயிர் இருக்கிறது.

வாங்குவதும் வைப்பதும்

தமிழ்ப் புது இதழ்களுக்குச் சிவகாசிப் பதிப்பகத்தின் சந்தாவும் புத்தகத் திருவிழாக்களும்தான் நேர்வழி. பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது அட்டையைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் நடுப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பின் துருப்பிடித்தால் முதலில் கழன்று விழுவது அந்த நான்கு பக்கம்தான். பிறகு கடைசிப் பக்கம். போட்டிக்குக் கூப்பன் வெட்டியிருந்தால் அதன் மறுபக்கத்தில் கதையின் ஒரு கட்டம் போயிருக்கும். பக்க எண்களை ஒருமுறை புரட்டி எண்ணுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்ற புத்தகங்களோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனிப் பையில் வையுங்கள். ராமபாணப் பூச்சி இருந்தால் பைக்குள் தூளாக உதிர்ந்திருப்பது தெரியும். துருப்பிடித்த பின்னைக் கத்திமுனையால் நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டலாம். செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில வருடத்தில் பசை மஞ்சளாக ஊறி எழுத்தைத் தின்றுவிடும்.

சேலத்து வீட்டில் எதிரி வெயில். மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், நியூஸ்பிரிண்ட் தாள் காய்ந்து மடித்த இடத்தில் உடையும். ஏற்காட்டில் எதிரி ஈரம். 1500 மீட்டர் உயரத்தில் மேகம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வரும் ஊர் அது. மழைக்காலத்தில் அட்டையில் சாம்பல் நிறப் புள்ளி விழுந்தால் பூஞ்சை வந்துவிட்டது என்று அர்த்தம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், நாற்பது புத்தகத்துக்கு, ஈரம் உறிஞ்சும் 50 கிராம் சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு போடுங்கள். உள்ளே இருக்கும் ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் மாற்றிவிட வேண்டும். நீல நிற மணிகளை வீட்டில் தவிர்ப்பது நல்லது. பச்சை வேப்பிலையை நேரடியாகப் புத்தகத்துக்குள் வைக்காதீர்கள், அதன் ஈரமே கறையாகிவிடும். நன்றாகக் காய்ந்த இலையைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் போடலாம்.

நோட்டையும் அதே பெட்டியில் வையுங்கள். ஒரு வருடம் கழித்து மாயாவியின் தொடக்கக் கதையை மறுபடி எடுத்து, பழைய மூன்று வரியைப் பார்க்காமல் புதிதாக மூன்று வரி எழுதி, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மூன்றாம் வரி இந்த முறை நீளமாக வரும்.